மூக்குப் போன சனிக்கிழமைகள்

அக்டோபர் 4, செவ்வாய்

கடையைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே டுவேன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். "ரோண்டா, புது ஹாப்ஸ் மூட்டையைப் பிரிச்சியா? பூனை மூத்திர நாத்தம் ஆளைத் தூக்குது."

பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற இந்த ஹாப்ஸ் பூவில் சில ரகம் அறுவடை முடிந்த கையோடு வந்தால் அப்படித்தான் நாறும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இந்தக் கடைக்கு மூக்கே நான்தானே! "ஆமாமா, இந்த வருஷம் கொஞ்சம் தூக்கல்தான்" என்றேன். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னைத் தெரிந்தவன், இப்போது முதலாளி. மறுபேச்சு இல்லாமல் மூட்டையைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டான்.

போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கடைப்பு விடவில்லை. அடைப்புதானே?

அக்டோபர் 5, புதன்

ஹாப்ஸ் இல்லை. என் கோட்டு.

லெஸ் அதை ஆணியிலிருந்து எடுத்தவன் அப்படியே கீழே போட்டான். "அடியே, இதுல பூனை பேஞ்சு வச்சிருக்கு! இதையா நேத்து மாட்டிட்டுப் போனே?" ஹாப்ஸ் மேல் பழி போட்டதைச் சொன்னேன். புருஷனுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அவன் வேலைக்குப் போனதும் காப்பித் தூள், வினிகர், அவனுடைய சவர லோஷன், வெங்காயம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மூச்சு தாராளமாகப் போய் வருகிறது. அடைப்பு கிடையாது. மூக்கே செத்துப் போச்சு.

அக்டோபர் 8, சனி

தப்பித்தேன். எப்படித் தப்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை என்றால் எங்கள் ஊர் ஷிபாய்கனில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாம் சரியாக வராத பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கள் கவுண்ட்டருக்கு வந்துவிடுவார்கள். நான் மோந்து, ஒரு வாய் குடித்து, எங்கே தப்பு நடந்தது என்று சொல்வேன். அதற்கப்புறம்தான் முளைகட்டி உலர்த்தின பார்லி மால்ட், ஈஸ்ட் எல்லாம் வாங்குவார்கள். இதெல்லாம் வலைத்தளத்தில் இதைவிட மலிவு. "ஜனம் சாமானுக்கா வருது? உன் மூக்குக்கு வருது" என்று டுவேன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

இன்றைக்குக் கிளாசை மூக்கடியில் வைத்து, கண்ணை மூடி, "எந்தச் சூட்டுல வச்சிருந்தீங்க? எத்தனை நாள்?" என்று கேள்வியாகக் கேட்டேன். அவர்கள் பதிலிலேயே பாதித் தப்பு வெளியே வந்துவிடுகிறது. மீதியை அடித்துவிட்டேன். புளிப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரிகிறது, அந்த மட்டும் பிழைத்தேன்.

இதற்கு என்ன பேர்? ஏமாத்து வேலைதான். வேறென்ன?

அக்டோபர் 13, வியாழன்

டாக்டரம்மா சொன்னது: "வரலாம். வராமலும் போகலாம். வரும்போது முதல்ல தாறுமாறாக்கூட வரலாம், ரோஜாவை மோந்தா ரப்பர் மாதிரி நாறும். பயப்படாதீங்க."

பயப்படாதீங்களாம்!

அக்டோபர் 22, சனி

கூட்டம். என் நேரம், ஆர்லன் பெக்கர் கடைசியில் வந்தார். குளியல் தொட்டி செய்கிற தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றை மகள் ஜோலீனுக்கு நவம்பர் 12 கல்யாணம். மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை. அதற்கப்புறம் வைத்தால் மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஆண்பிள்ளைகூட வரமாட்டான். கல்யாணத்துக்கு வேண்டிய பீர் மொத்தமும் தன் கையால் காய்ச்சினதாகத்தான் இருக்க வேண்டும் என்று மனுஷர் ஆகஸ்டிலிருந்து காய்ச்சுகிறார்.

"ரோண்டாம்மா, ஒளிக்காமச் சொல்லு. என் பொண்ணு கல்யாணம்."

களைத்துப் போயிருந்தேன். கேள்வி கேட்கவில்லை. அவர் பாட்டிலைக் கிளாசில் ஊற்றி, மோந்த மாதிரி மோந்தேன். நிறம் தேன் மாதிரி, நுரை நன்றாக நிற்கிறது. "பெரியவரே, இதைவிட நல்லா நானே காய்ச்ச மாட்டேன்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் உடனே சந்தோஷம் வரவில்லை. முதலில் ஏதோ குழப்பம். அப்புறம்தான் சிரித்தார். அந்தக் குழப்பம் எதற்கு?

அக்டோபர் 26, புதன்

தூக்கம் இல்லை. நன்றாகத்தான் இருக்கும். பத்து வருஷமாகக் காய்ச்சுகிற மனுஷர். நன்றாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 29, சனி

ஆர்லன் பாட்டில் மூடி வாங்க வந்தார். பேச்சுவாக்கில், "இந்தத் தடவை பாட்டில், பாத்திரம் எல்லாத்தையும் பிளீச்சிங் தண்ணியில முக்கிட்டேன். கல்யாணச் சரக்காச்சே, சுத்தம் முக்கியம் பாரு" என்றார்.

"அப்புறம் நல்ல தண்ணியில அலசினீங்கல்ல?"

"அலசினா மறுபடி அழுக்காகாதா?"

பிளீச் பட்ட பீர் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி நாறும். அன்றைக்கு அந்த நாற்றம் தெரிந்திருந்தால் அவர் வாசலில் வரும்போதே சொல்லியிருப்பேனே! பக்கத்திலேயே டுவேன் நிற்கிறான். வாயைத் திறந்தால் என் வேலை போச்சு. திறக்கவில்லை. மூடியை எண்ணிக் கொடுத்து, "நல்லபடியா நடக்கட்டும்" என்று வாழ்த்தி வேறு அனுப்பினேன்.

சீ. நீயெல்லாம் ஒரு மனுஷியா ரோண்டா?

அக்டோபர் 30, ஞாயிறு

ஆர்லன் வீட்டுக்கே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று எங்கள் ஊர் வழக்கப்படி பேக்கரியில் சூடான ஹாம் பன்றிக்கறியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது.

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். எனக்கு மூக்கு போய் ரெண்டு மாசமாச்சு, அன்னிக்கு நான் எதையும் மோக்கல, சும்மா சொன்னேன்.

ஆர்லன் ஒரு பாட்டிலைத் திறந்து மகளிடம் நீட்டினார். ஜோலீன் மோந்து பார்த்தாள். "அப்பா, நான் அப்பவே சொன்னேன்ல? பிளாஸ்திரி. நீதான் ரோண்டாவே சொல்லியாச்சு, உனக்கு என்ன தெரியும்னு என் வாயை அடைச்சே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் தெரிஞ்சுது. முதல் வாயிலயே தெரிஞ்சுது. அதான் உன்கிட்ட எடுத்துட்டு வந்தேன். நீ நல்லாருக்குன்னே. சரி, எனக்குத்தான் வயசாச்சு, மூளையில என்னவோ ஆயிடுச்சுன்னு நெனைச்சேன். எங்க அம்மாவுக்கு ஞாபகம் தப்பினது அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு வாரமா வீட்டுல யார்கிட்டயும் சொல்லாம பயந்துட்டு கெடக்கேன்."

பீரைப் பற்றித் திட்டுவார் என்று போனேன். அழுதேன். அவர் அழவில்லை. "போயிடு ரோண்டா, கோவத்துல ஏதாவது சொல்லிடுவேன்" என்றார். ஜோலீன்தான் கார்வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

அக்டோபர் 31, திங்கள்

டுவேனிடம் சொன்னேன். வெகுநேரம் மால்ட் அரைக்கிற இயந்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த ஹாப்ஸ்?"

"என் பூனை."

"நல்ல மூட்டையைத் திருப்பி அனுப்பிட்டேன்டி நான்!"

கத்தினான். பின்னறை அதிரக் கத்தினான். கடைசியில், "சனிக்கிழமை நீயே எல்லார்கிட்டயும் சொல்லு. என்னால சொல்ல முடியாது" என்றான். வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 5, சனி

சொன்னேன். வரிசையில் நின்றவர்களிடம் சத்தமாக. "எனக்கு மூக்கு வேலை செய்யல. பாட்டிலை நீங்களே மோந்து, என்ன நாத்தம்னு வாய்விட்டுச் சொல்லுங்க. அது எதனால வருதுன்னு நான் சொல்றேன்."

மூன்று பேர் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தர், "அப்போ போன மாசம் என் பீர்ல வெண்ணெய் வாசம்னியே, அது?" என்று கேட்டார். ஊகம் என்றேன். சுரீர் என்று ஒரு பார்வை பார்த்தார். மற்றவர்கள் மோந்தார்கள். இதுவரைக்கும் யாரும் தன் பீரைத் தானே மோந்து சொல்லிப் பழகவே இல்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நவம்பர் 12, சனி

இன்றைக்கு ஜோலீன் கல்யாணம். கடையில் வாங்கின பீர்தானாம். எனக்கு அழைப்பு இல்லை, நியாயம்தான்.

டிசம்பர் 20, செவ்வாய்

இன்னும் ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் மரம் பச்சையாக நிற்கிறது, அவ்வளவுதான். வராமலே போய்விடுமோ?

ஜனவரி 14, சனி

ஆர்லன் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான். என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலைக் கவுண்ட்டரில் வைத்தார். "உன்னைக் கேக்க வரல. டுவேனைக் கேக்க வந்தேன்."

டுவேன் கிடங்கில் இருந்தான். பழக்கதோஷத்தில் நானே ஊற்றி மூக்குக்குக் கொண்டுபோனேன். எங்கேயோ தூரத்து வீட்டில் சமைக்கிற மாதிரி, என்னவோ ஒன்று. இருந்தது! ஆனால் தாறுமாறாக வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாளே. கிளாசை அவரிடமே தள்ளினேன்.

"முதல்ல நீங்க சொல்லுங்க பெரியவரே."

சந்தேகமாகப் பார்த்துவிட்டு மோந்தார். "முட்டைக்கோஸ். நல்லா வெந்துபோன முட்டைக்கோஸ். கண்றாவி."

எனக்கு வந்ததும் அதேதான்! கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"என் அஞ்சு கேலனும் சாக்கடைக்குப் போவுது, இவ சிரிக்கிறா பாரு!"

"மூடி போட்டுக் கொதிக்க வச்சிருப்பீங்க. திறந்து வச்சுக் கொதிக்க விடுங்க, அந்த ஆவி வெளியே போகணும்" என்றேன். அவர் பாட்டிலை எடுக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க. இன்னும் ஒரு தடவை மோந்துக்கிறேன்."