கன்னியம்மாளின் ஓட்டு

1967, தேர்தல் நாள், இரவு.

சாம்பியன் ரீப்ஸ் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் இன்று எனக்கு விரலில் மை வைக்கும் வேலை. மூன்று மணிக்குக் கன்னியம்மாள் வந்தாள். இங்கே தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் பெயரில் காலையிலேயே யாரோ ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

"என் விரலைப் பாருங்க சார், மை இருக்குதா?" என்று கேட்டாள். வீட்டுக்கு ஓடி, பென்ஷனுக்காக எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "இது நான் இல்லாம வேற யாரு? இன்னா சார் அநியாயம் இது?"

"போட்டோ பார்க்கணும்னு சட்டத்துல இல்லம்மா" என்றார் சாவடி அதிகாரி. வேறொரு ஓட்டுச் சீட்டு கொடுத்தார். அவள் முத்திரை குத்தியதும் அதைப் பெட்டியில் போடாமல் ஒரு உறைக்குள் வைத்தார்.

"இதையும் எண்ணுவாங்களா சார்?" என்று என்னைத்தான் கேட்டாள். அப்படி உறையில் வைக்கும் ஓட்டை எண்ணமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "எண்ணுவாங்கம்மா" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

காலையில் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவள் என் தம்பி மனைவி சரோஜா. எதிரே கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவன் என் தம்பி. நான் வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போயிருப்பார்கள்.

சற்று முன் வீட்டில் எனக்குச் சோறு போட்டவளும் சரோஜாதான். "இன்னா மாமா, சாப்பிடவே இல்லியே?" என்று கேட்டாள். பசியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.