சுனைக்குப் போகும் வழியில் நாற்காலிகள்

மார்ச் 4

என்னப்பா நோட்டு, சௌக்கியமா? ரொம்ப நாளாக அலமாரி மேல் கிடந்தாய், தூசி தட்டி எடுத்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன். வாடகை நாற்காலிகளின் முதுகில் கடைப் பெயரைப் பெயிண்டால் எழுதி எழுதி வந்த கையெழுத்து இது. கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

வீட்டுக்காரிக்குச் சுனைக்குப் போக வேண்டுமாம். பின்னாலிருக்கும் குன்றில், பாறை இடுக்கில் தானாக ஊறுகிற தண்ணீர். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். காலையில் போனால் சாப்பாட்டுக்கு வீடு. அவளுக்குக் காலில் ஒன்றுமில்லை, மூச்சுதான். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது, மருந்து அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆசையைக் கிளப்பியது எதிர்வீட்டுத் தையல்காரி. "தண்ணியில காலை வெச்சேன் பாருங்கக்கா, மண்டை வரைக்கும் ஜில்லுனு ஏறிச்சு" என்று அளந்துவிட்டுப் போனாள்.

"கடைக்குப் போகவே ஆட்டோ தேடுறவ அவ. அவளே போயிட்டு வந்துட்டா, நான் போகக் கூடாதா?" என்கிறாள் இவள்.

மார்ச் 6

தனியாக ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் வலப்பக்கம் படி ஏறுகிறார்கள். அது இவளுக்கு ஆகாது. இடப்பக்கம் ஆட்டுத்தடம் இருக்கிறது. சுற்றுவழி, ஆனால் ஏற்றம் உறைக்காது. அப்படி ஏறிப் படியில் இறங்கலாம். நாலாவது வளைவில் ஒரு ஆடு என்னை வழிமறித்தது பார், அது பெரிய கதை. அதை அப்புறம் வைத்துக்கொள்வோம். கஷ்டம் என்னவென்றால், வழியில் உட்கார ஒரு கல் இல்லை.

இறங்கும்போதுதான் உறைத்தது. நாற்காலிக் கடைக்காரனுக்கா உட்கார இடமில்லை?

மார்ச் 9

மருமகனும் நானும் தலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு ஏறி, வளைவுக்கு ஒன்றாகப் போட்டோம். சுனைக்கு முன்னால் மட்டும் கைப்பிடி வைத்தது.

வனக்காவலர் பார்த்துவிட்டார். "என்னண்ணே, மலைக்குக் கல்யாணமா? பொண்ணு யாரு?"

"பொண்ணு வீட்டுல இருமிக்கிட்டு இருக்கு" என்றேன்.

சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி. மாசக் கடைசிக்குள்ள எடுத்துருங்க. மேல உள்ளவங்க பாத்தா என் வேலைதான் போகும்."

மார்ச் 12

புறப்பட்டோம். புதுச் செருப்பு, தலை நிறையப் பூ. தெருமுனை டீக்கடை பெஞ்சோடு முடிந்தது. அங்கே உட்கார்ந்து குன்றையே பார்த்தாள். "நாளைக்குப் போலாம்" என்றாள்.

மார்ச் 13

போகவில்லை.

மார்ச் 17

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்து இரைகிறது. நாற்காலியோடு தூக்கிப் போய்விடலாம் என்றான் மருமகன்.

"என்னைத் தூக்கிட்டுப் போற நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு நான் வேணாம்னு சொல்ல முடியாது. இப்ப சொல்றேன், வேணாம்" என்றாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

நான் என்ன பண்ணுவேன்? நாற்காலி மேல நாற்காலி அடுக்கத் தெரியும். வேற என்ன தெரியும் எனக்கு?

மார்ச் 21

கேனில் சுனைத் தண்ணீர் பிடித்து வந்தேன். "இது என்ன, பார்சலா?" என்றாள். மூடியைத் திறக்கவே விடவில்லை.

மார்ச் 28

நாற்காலிகளை எடுக்கப் போனேன். சுனை நாற்காலியில் தையல்காரி, கால் தண்ணீரில். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"அக்காவுக்குப் போட்டதா? தெரியாம உக்காந்துட்டேண்ணே."

அவளே அந்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரம் வரை வந்தாள்.  

மார்ச் 30

"அடுக்காதீங்க, இங்கயே போடுங்க" என்றாள் இவள். கட்டிலில் தொடங்கி அடுப்படி, கொல்லைப்புறம், பக்கத்துச் சந்து, முன்வாசல், திரும்பக் கட்டில். போன வழியில் திரும்பக் கூடாதாம். துவைக்கிற கல்தான் சுனை, அதன்மேல் அந்தக் கேன். ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். ஒவ்வொரு நாற்காலியிலும் நான் அந்த வளைவைச் சொல்ல வேண்டும்: என்ன மரம், என்ன கல்.

இன்று மூன்றாவது நாற்காலி வரை. "ஆடு வழிமறிச்சதுன்னீங்களே, அது?" என்றாள்.

"அது நாலாவதுல. வந்தாத்தான் கதை."

"வியாபாரி" என்று திட்டினாள்.

ஏப்ரல் 3

இரண்டாவது வரை.

ஏப்ரல் 6

முதல் நாற்காலி. நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்தாள். எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஏப்ரல் 8

எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து கொல்லைப்புறக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலாவது நாற்காலி அதன் பக்கத்தில்தான் கிடக்கிறது, யாரும் உட்காராமல். நான் இங்கே உட்கார்ந்து ஆட்டுக் கதைக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அது முறைத்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். இதைச் சொல்லியா அவளை இத்தனை தூரம் இழுத்தேன்? கொம்பு வளைந்து இருந்தது என்று தொடங்கி, பிறகு அது என்னைப் பார்த்து—

கூப்பிடுகிறாள். "ஏங்க, அந்த நாலாவது நாற்காலியை இப்படிக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உக்காருங்க. ஆட்டுக் கதை கேக்கணும்."

இழுத்துப் போட்டு, கதையைச் சொல்லிவிட்டு வந்து மீதியை எழுது—