செருப்பு மாட்டிக்கொண்டு ஜெபித்த அக்காவுக்கு

என் வாயை அடக்கத் தெரிந்த ஒரே மனுஷியான ரெபேக்கா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீங்கள் இருக்கும் இடத்தில் நலத்துக்கு என்ன குறை? தவிப்பதெல்லாம் இங்கே நம் தீவில், கெலுகோரில், நாலாவது மாடியில், உங்கள் வீட்டிலும் அடுத்த கதவான என் வீட்டிலும்தான்.

உங்கள் வருஷ நினைவு ஆராதனை வருகிறது. சபைப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் என்னிடம் கேட்டு வெகுநாளாயிற்று. "ஓரகத்திங்க ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க மாதிரி இருந்தீங்க, நீங்கதான் எழுதணும்" என்றார். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் சண்டையில்லாமல் இருந்தார்களே என்று அவருக்கு ஆச்சரியம். நாம் போட்ட சண்டை அவருக்கு எங்கே தெரியும்? நான் பட்டென்று ஒரு பதில் சொன்னேன். "ஜெபத்துல வச்சிருக்கேன் ஐயா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது உங்களுடைய பதில் அல்லவா? ஒரு காலத்தில் நீங்கள் அதைச் சொல்லாத நாளே கிடையாது.

நம் சபையில் யாருக்கும் ஒரு காரியத்தை 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வராது. 'ஜெபத்துல வச்சிருக்கேன்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதற்கு மேல் யார் வந்து நச்சரிக்க முடியும்? ஆண்டவருக்கும் நமக்கும் நடுவில் மூக்கை நுழைத்த மாதிரி ஆகிவிடுமே. அப்படி எத்தனை காரியங்களை நீங்கள் அங்கே வைத்துப் பூட்டியிருந்தீர்கள்! கடலுக்கு அக்கரையில், பிறையில் இருக்கும் ஃபேக்டரியில் லைன் லீடராகப் போகச் சொல்லிக் கேட்டார்கள். ஜெபத்தில் வைத்தீர்கள். உங்களிடம் வேலை பழகின பெண் அந்த இடத்துக்குப் போய்விட்டாள். கார் ஓட்டப் பழகுவதும் ஜெபத்தில். பல் வலிக்கு டாக்டரைப் பார்ப்பதும் ஜெபத்தில். கன்னம் வீங்கிக் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்து, "அக்கா, ஆண்டவர் பல்லு புடுங்க மாட்டாரு லா, கிளினிக்குப் போங்க" என்று நான் கத்தினது நினைவிருக்கிறதா?

"எனக்கு அதெல்லாம் வராது மெர்சி" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து உங்களைச் சோம்பேறி என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் நினைத்திருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை, பயம் என்று எனக்குப் புரிந்தது வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில்தான்.

சங்கிலி ஜெபம் ஆரம்பிக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபிக்க வேண்டும். எல்லாரும் கண்ணை மூடியிருப்போம். உங்கள் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது மெல்லச் சேலை உரசும் சத்தம் கேட்கும். அப்புறம் அடுப்படியில் கிளாஸ் சத்தம். கூட்டம் யார் வீட்டில் நடந்தாலும் தேத்தண்ணி கலக்கப் போவது நீங்கள்தான். உங்களுக்கு ஊழிய மனசு என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும், நான் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு அந்த ஆஸ்பத்திரி நாள் வந்தது.

சபையில் மூத்தவரான எஸ்தர் ஆன்ட்டி வார்டில் படுத்திருந்தார். சாப்பாட்டை வெறுத்துவிட்டார். கஞ்சியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்; அன்று நாம் கொண்டுபோனதும் கூடையிலேயே இருந்தது. போதகர் வந்து ஜெபிப்பதாக ஏற்பாடு. அவரோ அக்கரையிலிருந்து வரும் வழியில் கடல் பாலத்தில் ஜாமில் மாட்டிக்கொண்டார். பார்வையாளர் நேரம் முடியப்போகிறது. ஆன்ட்டி கண்ணைத் திறந்து, வாயாடி என்னை விட்டுவிட்டு, உங்களைப் பார்த்து, "நீ ஜெபம் பண்ணு புள்ள" என்றார். அங்கே ஓடி ஒளிய அடுப்படி ஏது?

நீங்கள் ஆன்ட்டியின் கையைப் பிடித்தீர்கள். கண்ணை மூடினீர்கள். எவ்வளவு நேரம் அந்த மௌனம்! பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாகூட எட்டிப் பார்த்தார். கடைசியில் உங்கள் வாயிலிருந்து வந்தது, சின்ன வயதிலிருந்து உங்கள் நாக்கில் ஊறிப்போன ஜெபம். "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும். இல்லாதவங்களுக்கும் தாரும். ஆமென்."

சாப்பாட்டு ஜெபம்! கட்டிலில் ஒரு பருக்கை சோறு கிடையாது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ஆன்ட்டி சுற்றும் முற்றும் பார்த்து, "ஸ்தோத்திரமெல்லாம் சரி, சாப்பாடு எங்கடி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தார். அப்புறம், "ஆசீர்வதிச்சாச்சு, வீணாக்கக் கூடாது. அந்தக் கஞ்சியைக் கொண்டா" என்றார். பாதிக் கிண்ணம் குடித்தார்.

நீங்கள் அதைப் பார்க்கவில்லை. அதற்குள் வெளியே ஓடி, வராந்தாவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். "நான் சொன்னேன்ல, எனக்கு வராதுன்னு. ஆண்டவர் முன்னாடியே அசிங்கப்பட்டுட்டேன்." நான் எவ்வளவு சொல்லியும் தேறவில்லை. இனி இந்த ஜென்மத்தில் அக்கா வாயைத் திறக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் உங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நீங்கள் சேலை மாற்றி, கையில் கூடையுடன், காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலிலேயே கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னக்கா இது, செருப்போட ஜெபம்?" என்றேன்.

"நாற்காலில உக்காந்து ஜெபிச்சா நான் எந்திரிக்கவே மாட்டேன் மெர்சி. எத்தனை வருஷம் அப்படியே உக்காந்துட்டேன். ஆண்டவர் எப்பவோ போன்னு சொல்லிட்டாரு. நான்தான் கேக்காத மாதிரி மறுபடி மறுபடி அவர்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. பயம் போன பெறகு போலாம்னு பாத்தேன், அது போற மாதிரி தெரியல. அதான் அதையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அக்கா, நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பெரிய பெரிய கூட்டங்களுக்குப் போய்க் கைதட்டியிருக்கிறேன். எதுவும் என்னை அன்று அந்த வாசலில் நின்ற உங்களைப் போல் அசைக்கவில்லை. முந்தின நாள் அவமானப்பட்ட அதே கட்டிலுக்கு நீங்கள் திரும்பிப் போனீர்களே, அந்த தைரியம் எனக்குக் கிடையாது. விசுவாசம் என்றால் கலங்காமல் இருப்பது என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் கலங்கிக்கொண்டே லிஃப்ட் பொத்தானை அழுத்தினீர்கள்.

அதற்குப் பிறகு உங்களைப் பிடிக்க முடிந்ததா? சனிக்கிழமை தவறாமல் வார்டு. சங்கிலி ஜெபத்தில் உங்கள் முறை வந்தால் இரண்டே வரி, ஆனால் சொந்த வரி. தேத்தண்ணி கலக்க ஆளில்லாமல் எல்லாரும் முழித்தோம். லைன் லீடர் வேலைக்கு மறுபடி கேட்டபோது அங்கேயே சரி என்றுவிட்டு வந்தீர்கள். லைசென்ஸ் பரீட்சையில் தோற்று, சிரித்துக்கொண்டே மறுபடி போய் எடுத்தீர்கள்.

முதல்முறை பாலத்தின் மேல் கார் ஓட்டினபோது பக்கத்தில் உட்காரும் பாக்கியம் எனக்கு. நல்ல மழை. இரண்டு பக்கமும் லோரி. நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அலறினேன். நீங்கள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆண்டவரைக் கூப்புடுறதுன்னா மெதுவா கூப்புடு மெர்சி, எனக்கு கியர் மாத்தணும்" என்றீர்கள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது.

ஏனென்றால், பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு உள்ளே போனீர்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நான் ஜெபித்தேன், அக்கா. உபவாசம் இருந்தேன், தரையில் விழுந்தேன், பேரம் பேசினேன். உங்களை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதோடு என் வாய் மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையை அழுத்தி, 'நீ பண்ணு' என்று தள்ளிவிடுவேன். ஊரெல்லாம் பேசுகிறவளுக்கு ஆண்டவரிடம் பேச ஒன்றும் இல்லை. நான் கேட்டால் நடக்காது என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அதை யாரிடம் சொல்வது?

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் நேரடியாகவே சொல்லிவிட்டார். அத்தான் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "ஜெபத்துல வச்சிருக்கேன்." மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாசாருக்குப் போனால் பாதி வழியில் நின்றுவிடுகிறார். என் வீட்டுக்காரர் தம்பியாக இருந்துகொண்டு அண்ணனை அதட்ட மாட்டார். உங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. நான்தான் கேட்க வேண்டும். நானோ இன்றைக்குக் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று நாளைக் கடத்தினேன்.

போன வாரம் பசியாற ஆப்பம் கொண்டுபோனேன். அத்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், இன்னும் எத்தனை நாளைக்கு ஜெபம்? பதில் எப்பவோ வந்தாச்சு. டாக்டர் வாயால வந்துச்சு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "ரெபேக்கா உள்ள போனா, வரல. நீயும்தானே ஜெபிச்ச, மெர்சி. என்ன ஆச்சு?"

அதே கேள்விதான், அக்கா. ஒரு வருஷமாக நான் எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. அதற்கு அழகாகப் பதில் சொல்ல எத்தனையோ பேர் நம் சபையில் இருக்கிறார்கள். நானோ, "தெரியல அத்தான்" என்றேன். சொன்னபோது பயமாக இருந்தது, கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

ஆப்பத் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே ஜெபித்தேன். யோசித்து எடுத்த வார்த்தை எதுவும் இல்லை. "ஆண்டவரே, அக்காவை ஏன் கூப்பிட்டுக்கிட்டீங்கன்னு எனக்கு இன்னும் புரியல. உங்க மேல கோபமாத்தான் இருக்கேன். ஆனா உங்களை விட்டா நான் யாருகிட்ட போவேன்? அத்தானுக்குப் பயம், எனக்கும் பயம். நாங்க போறோம். நீங்களும் கூட வாங்க."

ஆமென் என்று அத்தான்தான் சொன்னார். ஆப்பத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மென்றார். பிறகு, "ஆஸ்பத்திரில போனை எத்தனை மணிக்கு எடுப்பாங்க?" என்று கேட்டார். நான் யோசிக்கவிடவில்லை. அங்கேயே நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டேன்.

நாளைக் காலையில் அறுவை சிகிச்சை. இப்போது வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போதகர் கேட்ட கட்டுரையும் இதுவே. அத்தான் அரைத்தூக்கத்தில் இருக்கிறார். நல்லபடியாக வரும் என்று டாக்டர் சொல்கிறார், சத்தியம் செய்து தரவில்லை. 

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அத்தான் என்றைக்காவது உங்களிடம் வந்து சேருகிறவர்தான். ஆனால் நாளைக்கு வேண்டாம், அக்கா. எதையும் தள்ளிப்போடாத மனுஷியாகிவிட்டீர்கள், தெரியும். இதை மட்டும் எனக்காகத் தள்ளிப்போடுங்கள். எங்களுக்கு அவர் இன்னும் வேண்டும்.

என் பங்குக்கு நான் தரும் வாக்கு இது. நாளைக்கு அந்தக் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்து என்ன சொன்னாலும் சரி, இந்தத் தடவை ஆண்டவரிடம் பேசுவதை நான் நிறுத்த மாட்டேன். அழுதாலும் அவரிடம்தான் அழுவேன். திட்டினாலும் அவரைத்தான் திட்டுவேன்.

அடுத்த கதவில் இன்னும் இருக்கும்
உங்கள் ஓரகத்தி,
மெர்சி