வெள்ளைக் குதிரைக்குப் போட்ட ஊசி

தாம்பரம்
14.5.1988

அன்புள்ள தபீதாளுக்கு தனசிங் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மாவின் மூச்சிரைப்பு தேவலையா? எஸ்தர் என்னைத் தேடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்பும் வெள்ளைக் குதிரை இரண்டு நாளாகக் கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. பக்கத்தில் ஆள் போனால் விறைப்பாக நின்றுவிடும். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நீட்டிவைத்துக்கொண்டு பல்லைக் கடித்தது. கிட்டே போய்த் தொட்டால், குளம்பு அடுப்பாகக் கொதித்தது.

முதலாளி சம்பந்தம் சாரிடம் சொன்னேன். டாக்டரைக் கூப்பிடாமல் அவரே வலிக்கு ஊசி போட்டார். "இப்ப பாரு, ஜோராக் கீது. நாளைக்குக் கீழ்க்கட்டளை ஊர்வலத்துக்கு நீதான் இட்டுகினு போற" என்றார்.

உண்மைதான், இப்போது நொண்டவில்லை, துள்ளுகிறது. வலி இருந்தவரை காலைப் பார்த்து வைத்தது. இனி வைக்காது; உள்ளே கோளாறு அப்படியே இருக்கிறது. வழியெல்லாம் வெடி போடுவார்களாம். குதிரைமேல் மாப்பிள்ளைக்கு முன்னால் அவருடைய அக்கா மகளையும் உட்காரவைப்பார்களாம். நம் எஸ்தர் வயதுதான்.

ரப்பர் செருப்பு வழுக்குகிறது. என் பழைய பூட்ஸை யாரிடமாவது கொடுத்தனுப்பு.

சார் கூப்பிடுகிறார். இது உன் கைக்கு வரும்போது ஊர்வலம் முடிந்திருக்கும். இருந்தாலும் ஜெபித்துக்கொள்.

தனசிங்