கேட்டால் சொல்லிவிடுவாள்

ஜூன் 3

தலைமை நர்ஸ் அம்மாவுக்கு,

இங்கே நலமில்லை. அங்கே நலமா என்று கேட்க மனமும் இல்லை.

நீ போன் செய்ததைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசியதைப் பிறகு பேசவே இல்லை என்று சாதித்துவிடலாம். எழுத்து அப்படி இல்லை. நீயும் எழுதியே பதில் சொல்.

நேற்று பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தினாள். உன் வார்டில் உன் அண்ணிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். குணமாகி, கையில் காய்கறிப் பையோடு நிற்கிறாள். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

"உங்க வீட்டம்மா தைரியம் யாருக்குங்க வரும்? கேன்சர்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் சிரிச்ச முகமா இருந்தாங்களே" என்றாள்.

"அவளுக்குத் தெரியாதும்மா. வயித்துல அல்சர்னுதான் சொல்லியிருந்தோம்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க தங்கச்சிதானே பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து சொன்னாங்க? திரை இழுத்தா கண்ணுதாங்க மறையும், காது மறையுமா?" என்றாள்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

உன்னிடம் நான் என்ன சொல்லியிருந்தேன்? யார் சொன்னாலும் நீ சொல்லக்கூடாது என்றேனா இல்லையா? அவள் படுத்திருந்த காலம் முழுக்க வார்டு வாசலில் நான் நின்றேன். பார்க்க வருகிறவர்களில் ஒருத்தரையும் அப்படியே உள்ளே விட்டதில்லை. கண் சிவந்திருந்தால் முகம் கழுவி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். நம் சித்தி மகன் மூக்கை உறிஞ்சினான் என்று படியிறக்கியே விட்டேன். இன்றுவரை அவன் என்னோடு பேசுவதில்லை. ஊர் முழுக்கப் பகைத்துக்கொண்டு நான் கதவைக் காத்தேன். நீ உள்ளேயிருந்து கதவைத் திறந்து விட்டிருக்கிறாய்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். பட்டறையில் கை துடைக்க வாங்கிய பழைய பேப்பரை எழுத்துக் கூட்டி வாசித்துப் படித்தவன். உன்னை அந்த வெள்ளை உடுப்புப் போட வைத்ததும் நான்தான். அதற்கு இதுவா?

பதில் எழுது.

இதுவரை உன் அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு, மொட்டை எழுதிக்கொள்வது.

தலைமை நர்ஸ் அம்மா என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து முதலில் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன். சின்ன வயதில் டைபாய்டு வந்து முடி கொட்டியபோது நீங்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பெயர். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதுதான்.

ஆமாம் அண்ணா, நான்தான் சொன்னேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். காலை நேரம். அண்ணிக்கு உடம்பு துடைத்துவிட்டு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்தார். "மொட்ட, எனக்கு என்ன வியாதி?" என்றார். அல்சர் என்று யாரும் சொல்லவில்லையா என்றேன். அதற்கு அண்ணி சிரித்தார். "அல்சருக்கு உங்க அண்ணன் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் மூஞ்சியா செக் பண்ணி அனுப்புவாரா? அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. பேரை மட்டும் நீ சொல்லு" என்றார்.

என் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. கேட்காதவரிடம் நாங்களாகப் போய்ச் சொல்வதில்லை. கேட்டவரிடம் பொய் சொல்வதும் இல்லை. நின்றுகொண்டு சொல்லக்கூடாது, உட்கார்ந்து, எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு மட்டும் சொல்ல வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு ஊசி போடச் சொல்லித்தரும் முன்பே இதைச் சொல்லித்தருகிறேன். கட்டிலில் கிடப்பது என் அண்ணி என்பதால் நான் மட்டும் மாற முடியுமா?

சொன்னேன். கேட்டுவிட்டுப் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரியும்கிறது உங்க அண்ணனுக்குத் தெரிய வேணாம். அந்த மனுஷன் வாசல்ல நிக்கிற தெம்புலதான் நிக்கிறார். அதையும் பிடுங்கிட்டா விழுந்துடுவார்" என்றார். அதனால்தான் உங்களிடம் மறைத்தேன்.

உங்கள் காலில் ஏதோ புண் என்று உங்கள் பையன் சொன்னான். சர்க்கரை உடம்பு அண்ணா, விளையாட வேண்டாம். என் வார்டுக்கு வாருங்கள். நானே கட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மொட்டை


ஜூன் 20

தங்கைக்கு,

உன் வழக்கத்தைப் படித்தேன். வழக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வை.

உன் வேலையில் குறை சொல்ல மாட்டேன். அத்தனை நாள் படுக்கையில் கிடந்தவளின் முதுகில் ஒரு புண் வரவில்லை. வாய் உலராமல் பஞ்சை நனைத்து நனைத்து வைத்தீர்கள். உன் பெண்கள் ஒருத்தியும் அவளிடம் முகம் சுளிக்கவில்லை. கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்பவன் நானில்லை. உடம்பை அப்படிப் பார்த்துக்கொண்டவள் மனசை ஏன் உடைத்தாய் என்றுதான் கேட்கிறேன்.

சாயங்காலம் உள்ளே வந்து நான் அவளிடம் என்ன பேசினேன் தெரியுமா? வீட்டுப் பின்பக்கம் அவளுக்கு ஒரு அறை போடப்போவதாகச் சொன்னேன். ஜன்னல் எங்கே வரும், அலமாரி எங்கே வரும் என்று விரலால் போர்வையில் கோடு போட்டுக் காட்டினேன். "சுவருக்கு இளம்பச்சை அடிங்க, வெள்ளை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றாள். "குளிக்க வெந்நீர் வர்ற குழாய் ஒண்ணு வைங்க" என்றாள். எல்லாம் தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள்! நான் கோமாளி மாதிரி அளந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடம் பொய் சொன்னதில்லை. கடைசியில் அவளைப் பொய் பேச வைத்துவிட்டாய். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் அறையைப் பற்றியா பேசியிருப்பேன்? பேச வேண்டியது வேறு இருந்தது. அது இப்போது என் தொண்டையிலேயே கிடக்கிறது.

ஒரே ஒரு வரி எழுது. "நான் செய்தது தப்பு." அதை எழுதினால் உன் வார்டுக்கு வருகிறேன். எழுதாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில்கூட இந்தக் கால் நடக்காது. பையன் பெரிய ஆஸ்பத்திரியில் பேசியிருக்கிறான், அங்கே போய்க்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. அதை எழுதினால், நாளை ஒருத்தி என் கையைப் பிடித்துக் கேட்கும்போது நான் எந்த முகத்தோடு அவள் பக்கத்தில் உட்காருவேன்?

ஒன்று சொல்கிறேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். கோமாளி மாதிரி இருந்தேன் என்று எழுதிவிட்டீர்களே, அதனால் சொல்கிறேன். அண்ணிக்குச் சாயங்காலம் கொடுக்க வேண்டிய வலி மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும். அதை நீங்கள் வந்துபோன பிறகுதான் போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்தார். "அவர் பேசுறப்ப நான் தூங்கி வழியக்கூடாது" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவருடைய உடம்பு, அவருடைய முடிவு. அந்த அறைக்கு இளம்பச்சை அடிக்கச் சொன்னபோது அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். பொய்யென்று நீங்கள் நினைப்பது எனக்கு அப்படித் தெரியவில்லை.

நீங்களும் பேசியிருக்கலாமே அண்ணா. தொண்டையில் கிடந்ததைப் பேச யார் அனுமதி வேண்டியிருந்தது?

கால் விரல் கறுத்திருந்தால், வாடை வந்தால், என் மேல் உள்ள கோபத்தில் நாளைத் தள்ளாதீர்கள். என்னிடம் வர வேண்டாம். வேறு எங்காவது போய்க் காட்டுங்கள்.

மொட்டை


ஆகஸ்ட் 14

தங்கைக்கு,

இதைப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். வலியோடு உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டாள் என்று எழுதி, ஏற்கெனவே பட்ட இடத்தில் இன்னொரு தடவை அடித்தாய். அதைச் சொல்லி எனக்கு ஆறுதல் என்று வேறு நினைத்திருக்கிறாய்.

இங்கே எல்லாம் வழவழவென்று இருக்கிறது. சுவரில் டிவி. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒருத்தரும் உட்காருவதில்லை. டாக்டர் கட்டில் காலடியில் நின்றபடி என் காலைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

"டாக்டர், கால் தேறிடுமா?" என்று கேட்டேன்.

"நல்லா ரெஸ்ட் எடுங்கப்பா, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். பிறகு என் பையனைக் கண்ணாலேயே வெளியே கூப்பிட்டார். கதவில் சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தேன். டாக்டர் தன் தொடையில் கையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பையன் சுவரில் சாய்ந்துகொண்டான். உள்ளே வரும்போது வாயெல்லாம் பல்லாக, "ஒண்ணுமில்லப்பா, இன்னும் ஒரு வாரத்துல வீட்டுக்குப் போயிடலாம்" என்றான்.

பட்டறையில் அளவு ஒரு நூல் பிசகினாலும் கையாலேயே தடவிக் கண்டுபிடிக்கிறவன் நான். என்னிடம் என் வித்தையையே காட்டுகிறான்.

நீ செய்தது தப்புதான். இன்றும் அதையே சொல்கிறேன். ஆனால் கேட்டவரிடம் பொய் சொல்ல மாட்டேன் என்றாயே, நான் கேட்கிறேன். வந்து சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வந்தேன். உங்கள் அறை வாசல்வரை வந்தேன். உங்கள் பையன் விடவில்லை. "அத்தை, உங்க கால்ல வேணா விழறேன். அப்பா கேட்டா நீங்க சொல்லிடுவீங்க" என்றான். "கேட்டா சொல்லுவேன்டா" என்றேன். "அப்ப வேணாம் அத்தை. அவர் தாங்க மாட்டார்" என்று கதவுக்குக் குறுக்கே நின்றுவிட்டான். எத்தனையோ வார்டுக்குள் கேட்காமல் நுழைந்தவள் நான். அங்கே எனக்கு உரிமையில்லை. உங்களைப் பார்க்காமலே திரும்பினேன்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் பழகியவள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

வலது காலை முட்டிக்கு மேலே எடுக்கப் போகிறார்கள். புதன்கிழமை. பையன் கையெழுத்துப் போட்டுவிட்டான். மயக்கம் கொடுத்த பிறகு எல்லாம் முடியும், விழித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறான். எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் இதயம் பலவீனமாக இருப்பதால் ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. அதையும் மறைக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. நான் உள்ளே வர வேண்டுமென்று நீங்களே பையனிடம் சொன்னால், அவன் தடுக்க மாட்டான். ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஓடி வருகிறேன்.

உங்கள் மொட்டை


ஆகஸ்ட் 20, செவ்வாய்

மொட்டைக்கு,

கடிதம் வந்தது. அந்தப் பெண் தலையணை உறை மாற்றுகிற சாக்கில் கொடுத்தாள். படித்துக் கிழித்துவிட்டேன்.

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. மன்னிக்கவும் இல்லை. முன்பு அவளிடம் சொன்னாயே, என்னிடம் மறைத்தாயே என்று கோபம். இப்போது வேறு கோபம். இப்படி ஒன்றைத் தெரிந்துகொண்டு, சுற்றி எல்லோரும் சிரிக்க, தனியாகக் கட்டிலில் கிடப்பது எப்படி இருக்கும் என்று நேற்றிலிருந்து எனக்குத் தெரியும். அவளை அதில் தனியாகப் படுக்க விட்டுவிட்டு, நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் காவல் காத்திருக்கிறோம். எனக்குத் தெரிய வேண்டாம் என்றாளாம், நீ ஒப்புக்கொண்டாயாம். அங்கே நீ பிடிவாதம் பிடித்திருக்கலாம். "போய் அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்று காலை பையனைக் கூப்பிட்டு, "டேய், எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். வாக்கியத்தைக்கூட மனசில் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தான். தூங்கி எத்தனை நாளோ, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்ததும் வாக்கியம் உள்ளேயே போய்விட்டது. நாளை வெட்டட்டும். நான் மறுக்கப் போவதில்லை.

நீ வராதே. வந்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவனும் நிற்கிற தெம்பில்தான் நிற்கிறான். பிழைத்து எழுந்தால் அப்போதும் உன்னைக் கூப்பிடுவேனா என்று தெரியாது. எழுதாதே. எழுதினாலும் இப்போதைக்குப் படிக்கிற நிலையில் நான் இருக்க மாட்டேன்.

சற்றுமுன் அவன் ஒரு பெட்டியோடு வந்தான். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறான், நல்ல தோல். "வீட்டுக்குப் போறப்ப போட்டுக்கலாம்பா, அளவு பாருங்க" என்று தரையில் மண்டியிட்டு, கட்டுப் போட்ட காலுக்கு அடியில் வலது செருப்பை வைத்துப் பிடித்தான்.

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். "கொஞ்சம் இறுக்கமா இருக்குடா. பரவாயில்ல, போட்டு நடந்தா சரியாயிடும்" என்றேன்.

அண்ணன்