உன் பெயின்ட் வாளியில் சட்டை ஊறுகிறது

அன்பு மாப்ளே ஜெயசீலா,

உன் பெயின்ட் வாளியில் இப்போது என் டியூட்டிச் சட்டை சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. உடனே கோபப்படாதே. நீ போன பிறகு அந்த வாளியைக் கட்டிலுக்கு அடியில் துடைத்து வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான்தான். அதில் துணி ஊறவைக்கிற நிலைமைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர் ஹாக்கிக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் போடப்போகிறேன், அவர்களும் படிக்கட்டும். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

நம் லீக்கைப் பூட்டிவிட்டார்கள், மாப்ளே. பூட்டு என்றால் நிஜமாகவே பூட்டு. கிரவுண்டு கேட்டில் சங்கிலி போட்டு, கோல் போஸ்டிலிருந்து வலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே அரபு நாட்டில் டீம் வைத்திருக்கிற கம்பெனி முதலாளிகள் எல்லாரும் ஒன்று கூடி, ஆட்டக்காரர்கள் வழிக்கு வருகிறவரை ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கலாஸ், முடிந்தது கதை. அதுவும் எப்போது? நம் மஞ்சள் சட்டைக்காரர்கள் முதல் தடவையாக செமி ஃபைனலுக்கு வந்திருக்கும்போது.

ஆமாம், செமி ஃபைனல். முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டுகிற நம் டீம்தான். வருஷம் வருஷம் பஸ்ஸில் திரும்பும்போது நீயும் நானும் யாரைக் குறை சொல்லலாம் என்று சண்டை போட்டுக்கொண்டு வருவோமே, அதே டீம். நீ கண்ணை மூடின பிறகுதானா இவர்களுக்கு ஆட வரவேண்டும்? உன் மேலும் எனக்குக் கோபம்தான். இன்னும் ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம் உனக்கு?

காலிறுதியைப் பற்றிச் சொல்கிறேன். கடைசி நேரத்தில் நமக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. நான் உன் வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்ட ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். நம் கிரவுண்டுக்குப் பக்கத்திலேயே லாரி ரோடு. கேப்டன் இம்ரான் பாய் எவ்வளவு கத்தினாலும், பெனால்டி கார்னரில் கோல் லைனிலிருந்து அவருக்குப் பந்தைத் தள்ளிவிடுகிறவன் காதில் விழாது. ஒருநாள் நீ சைட்டிலிருந்து கொண்டுவந்த காலி பெயின்ட் வாளியைச் சும்மா ஜாலிக்குத் தட்டிக்கொண்டிருந்தாய். நடுவில் வியர்வையைத் துடைக்க நிறுத்தினாய். தட்டு நின்றதும், கேப்டன் தள்ளச் சொல்லிவிட்டார் என்று நினைத்து அவன் பந்தைத் தள்ளிவிட்டான். எதிர் டீம் தயாராகவே இல்லை. கோல்.

அன்றிலிருந்து அதுவே நம் வழக்கமாகிவிட்டது. பெனால்டி கார்னர் என்றால் கேலரி முழுக்க வாயை மூடிக்கொள்ளும், வாளி மட்டும் பேசும், வாளி நின்றால் பந்து கிளம்பும். எப்போது நிறுத்துவாய் என்று உனக்கே தெரியாது, எதிர் டீமுக்கு எங்கே தெரியப்போகிறது? காலிறுதியிலும் நான் உன்னைப் போலவே இழுத்து இழுத்துத் தட்டி, சட்டென்று நிறுத்தினேன். இம்ரான் பாய் அடித்தது கீப்பரின் காலுக்கு நடுவே போனது. நான் அழுதேன் என்று ரூமில் சொல்கிறார்கள். அதை நம்பாதே.

அதே மேட்சில்தான் நம் ஃபுல் பேக் செல்வத்துக்கு அடிபட்டது. விளாத்திகுளத்துப் பையன், ஏசி டெக்னீஷியன், உனக்குத் தெரியும். கோலுக்குப் போன பந்துக்குக் குறுக்கே பாய்ந்து மணிக்கட்டில் வாங்கிக்கொண்டான். எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு ஆபீசுக்குப் போனால், இது டியூட்டியில் பட்ட அடி இல்லை, நீ விளையாடப் போய் வாங்கிக்கொண்டது, அதனால் சம்பளமில்லாத லீவுதான் என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் கம்பெனி பெயரைப் பெரிசாகப் போட்டுக்கொண்டு ஆடினால் அது கம்பெனி ஆட்டம். எலும்பு உடைந்தால் அது அவனவன் சொந்த விஷயம். இதற்கு என்ன பதில் சொல்வாய், மாப்ளே?

ஆட்டக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கிரவுண்டில் படுகிற அடியையும் டியூட்டியில் பட்ட அடியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். எல்லா டீம் பையன்களும் சேர்ந்து கேட்டார்கள், அதில் நமக்கு எதிரே செமி ஃபைனல் ஆட வேண்டிய அல் ஐன் டீமும் உண்டு. முதலாளிகள் திருப்பிக் கேட்டது, அடிபட்டால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்று. போட மாட்டோம் என்றார்கள். சங்கிலி விழுந்தது.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு முதலில் ஆட்டக்காரர்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. செமி ஃபைனலை ஆடிவிட்டுக் கேட்கக் கூடாதா? கப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டால் முதலாளிக்கு மறுக்க வாய் வருமா? வருஷக்கணக்காக வெயிலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ரூமில் இதைச் சொன்னதற்கு ஆளாளுக்கு என்மேல் பாய்ந்தார்கள். நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய்? இதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போதும் நான் சொன்னதற்கு நேரெதிராகத்தான் நீ நிற்பாய். எதிரே ஆள் இல்லாமல் நான் சொல்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியாமல் போகிறது.

இம்ரான் பாயிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று போனேன். டயர் கடைக்குப் பின்னால் காலி மண்தரையில் அவர்கள் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தார்கள். பந்து ஒழுங்காக உருளுவதுகூட இல்லை, கல்லில் பட்டுத் திசைக்கொன்றாய் ஓடுகிறது. கூட்டம் சேர்ந்தால் வம்பு, அதனால் யாரும் வேடிக்கை பார்க்க வராதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் டீ வாங்கிக்கொண்டு போனேன். என் நியாயத்தையெல்லாம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கொட்டினேன்.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, அடுத்த மேட்சில் இதே மாதிரி பந்து வந்தால் எந்தப் பையனைக் குறுக்கே பாயச் சொல்லட்டும் என்று ஹிந்தியில் என்னையே கேட்டார். செல்வத்தைப் பார்த்த பிறகு எவனும் பாய மாட்டான், பாயாத டீமை வைத்துக்கொண்டு செமி ஃபைனலில் என்ன ஆடுவது என்றார். நான் கிளாசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகும் எரிச்சல் போகவில்லை. ஆனால் யார் மேல் எரிச்சல்படுவது என்பது மாறிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் நம் தங்குமிடத்துப் பொறுப்பாளர், கேம்ப் பாஸ் ஷாஜி சேட்டன் ரூம் ரூமாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை செமி ஃபைனல் உண்டு, பஸ் வருகிறது, பிரியாணிப் பொட்டலம் உண்டு, எல்லாரும் வந்தே ஆக வேண்டும், ஆபீஸ் உத்தரவு என்றார். என் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "மாரிமுத்து, அந்த வாளி கட்டாயம் எடுக்கணும் கேட்டோ?" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். பேசி முடித்துவிட்டார்கள் போல, செல்வத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது போல என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இம்ரான் பாய்க்குப் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. மேட்சுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். என்ன மடத்தனம் பார்.

பஸ்ஸில் பாட்டும் கூத்துமாகப் போனோம். சங்கிலியைக் காணோம், வலையைக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் சட்டைகள் உள்ளே ஓடிவந்தன. இம்ரான் பாயின் ஏழாம் நம்பரைப் பார்த்ததும் கேலரியே எழுந்து நின்றது. நானும் வாளியைக் கவிழ்த்து வெறிபிடித்தவன் போலத் தட்டினேன். ஏழாம் நம்பர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். இம்ரான் பாய் கேலரிக்குக் கை தூக்கி நீ பார்த்திருக்கிறாயா? எத்தனை கோல் போட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போகிற மனுஷன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அது வேறு யாரோ. ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தேன், பதினொன்றும் வேறு யாரோ. வேலை தேடி விசிட் விசாவில் வந்த பையன்களைப் பிடித்துச் சட்டையை மாட்டி விட்டிருக்கிறார்கள். அல் ஐன் டீமிலும் அதே கதை. முன்பின் தெரியாத ஆட்களுக்காக உன் வாளியைத் தட்டிவிட்டேன், மாப்ளே. இத்தனை வருஷமாக டீம் டீம் என்று நான் கத்தினது அந்த மஞ்சள் துணிக்குத்தானா?

அந்தப் பையன்களைத் திட்டவும் மனசு வரவில்லை. வேலை தருகிறோம் என்று யாரோ ஆசை காட்டியிருப்பார்கள். நன்றாகத்தான் ஓடினார்கள். கேலரி மெல்ல மெல்ல அடங்கியது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம்தான் கேட்டது. ஷாஜி சேட்டன் எங்களுக்கு முன்னால் வந்து, கத்துங்கள் கத்துங்கள் என்று கையை ஆட்டினார். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். நாம் என்று எழுதுவதா, அவர்கள் என்று எழுதுவதா?

அப்புறம் மஞ்சள் சட்டைக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது.

அவர்களுக்கு யாரோ நம் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோல் லைனில் பந்தை வைத்த பையன் கேலரியைப் பார்த்து நின்றான். ஏழாம் நம்பரும் பார்த்தான். கேலரி அமைதியானது. பாழாய்ப்போன பழக்கம், தானாக அடங்கிவிட்டது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை வாளிமேல்தான் இருந்தது. இரண்டு படி கீழே நின்றிருந்த ஷாஜி சேட்டன் சின்னக் குரலில் சொன்னார், "மாரிமுத்து, தட்டு. ஆபீஸ்காரங்க நோக்கிட்டு இருக்காங்க."

அவர் மிரட்டவில்லை. எனக்காகப் பயந்துதான் சொன்னார். எனக்கும் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். விசா புதுப்பிக்கிற நேரம், வீட்டில் கட்டடம் பாதியில் நிற்கிறது. தட்டிவிட்டால் என்ன, காலி டப்பாதானே என்றுகூட நினைத்தேன். அப்போது மாவுக்கட்டோடு அந்தச் செல்வம் ஞாபகத்துக்கு வந்தான். கேம்ப்பில்தான் படுத்திருக்கிறான், சாயங்காலம் போய் அவன் முகத்தில் முழிக்க வேண்டும்.

வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன், மாப்ளே. கவிழ்த்துப்போட்ட வாளிமேல், ஸ்டூலில் உட்காருவது போல, கையைக் கட்டிக்கொண்டு. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. உட்கார்ந்தது ஒன்றுதான். அந்தப் பையன் பார்த்துக்கொண்டே நின்றான். ரெஃப்ரி விசில் அடித்து அவசரப்படுத்தினார். அவன் தடுமாறித் தள்ளிய பந்து ஏழாம் நம்பருக்கு எட்டாமல் ஓரமாய் ஓடியது. அதோடு சரி, நம் டீம் தோற்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. என் டீம் தோற்று எனக்கு நிம்மதியாக இருந்த ஒரே நாள் அது. இப்படி ஒரு நாளை எனக்கு வைத்தவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை.

மறுநாள் ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். முட்டி வலி சார், நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன் என்றேன். அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் கேட்க முடியவில்லை. ஆனால் ரூமில் தேவையில்லாத டப்பா, சாமான் எல்லாவற்றையும் வெளியே போடச் சொல்லி உத்தரவு வந்தது. எந்த டப்பா என்று எல்லாருக்கும் தெரியும். சோதனைக்கு வந்தபோது உன் வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்பைக் கரைத்து, சட்டையை ஊறப்போட்டிருந்தேன். ஷாஜி சேட்டன் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது துணி துவைக்கிற வாளி, இருந்தோட்டே" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினம் அதில் ஏதாவது ஊறுகிறது. ஊறிக்கொண்டே இருந்தால்தான் அது இங்கே இருக்க முடியும். இப்போதாவது புரிந்ததா?

இம்ரான் பாயும் பையன்களும் இன்னும் டயர் கடைக்குப் பின்னால்தான். சங்கிலி திரும்பவும் விழுந்துவிட்டது. செல்வத்துக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, கை முழுசாக மடங்கவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது என்கிறார்கள், மாஃபி, ஒன்றும் இல்லை என்கிறார்கள். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

உன் மகள் ஜெனிஃபர் நேற்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். செமி ஃபைனல் வந்த சேதியை அவளிடம் நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கம்பெனி பேஸ்புக்கில் போட்ட முடிவைப் பார்த்திருக்கிறாள். "மாமா, அப்பா டீம் தோத்துட்டாங்களாமே? அப்பா இருந்திருந்தா ரெண்டு நாள் சாப்பிட்டிருக்காது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்க்கிறாள். நான் இரண்டு தடவை பேசிப் பேசி அழித்தேன். பிறகு இப்படிச் சொன்னேன்.

"இல்ல தாயி. அப்பா டீமு இன்னும் ஆடவே இல்ல."

அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். செல்வம் ஸ்டிக் பிடிக்கிற கையோடு உள்ளே போகிற அன்றைக்கு, இந்தச் சோப்புத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நான் கேலரிக்கு வருவேன். நீ இழுப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துத் தட்டுவேன். அதுவரை உன் வாளியில் என் சட்டை ஊறட்டும், பொறுத்துக்கொள்.

முசஃபா கேம்ப்பிலிருந்து,
உன்னோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கிற உன் மச்சான்,
மாரிமுத்து