உன் பேரில் மூன்று பேர்

திங்கள். விடியலிலிருந்து தூறல்.

பூச்சி, இன்றைக்கும் ரத்தம் பார்க்கிற லெப்பில் கம்பியூட்டர் சேவர் நின்றுவிட்டது. நீ இருந்த கவுண்டரில் சசி தட்டுகிறாள், தட்டுகிறாள். திரையில் வட்டம் சுற்றுகிறது, அவ்வளவுதான். ரத்தம் எடுத்தாயிற்று, மெஷினும் பார்த்தாயிற்று. ரிப்போட் மட்டும் வெளியே வரவில்லை.

பன்விலையிலிருந்து ஒரு தகப்பன். மடியில் காய்ச்சல் பிள்ளை. டெங்கு என்று சந்தேகம்.

"எவ்வளவு நேரந்தாங்க உக்காந்திருக்கிறது? டொக்டர் எந்திரிச்சுப் போயிருவாரு."

"சிஸ்டம் ஹேங் ஆயிருச்சுண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"இதத்தான காலையிலயும் சொன்னீங்க. பிள்ளைக்கு யாரு சொல்றது, பொறுன்னு?"

கடைசியில் லெப்புக்குப் பொறுப்பான மேடம் மெஷினில் இருந்ததைக் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பின்னேரம் பிரிண்டர் தானாகவே எல்லாவற்றையும் கக்கியது. என்னை அடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிந்தவர் தர்ஷினி. எனக்கு இங்கிலீசு வராது, உன் பேரின் எழுத்துகள் மட்டும் பழக்கம். நீ போய்ச் சேர்ந்த பிறகும் இங்கே கூட்டித் துடைக்க வருவது அதைப் பார்க்கத்தான். இன்னும் எப்படி உன் பேர் வருகிறது என்று கேட்டதில்லை. கேட்டால் நின்றுபோகுமோ என்று பயம்.

செவ்வாய். மழை விட்டது. துணி காயவில்லை.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பினாயில், திரி.

காலையிலேயே நின்றது. கரண்டை நிறுத்திப் போட்டார்கள், சரி வந்தது. தேத்தண்ணி நேரம் முடிந்து பார்த்தால் மறுபடியும் அதே வட்டம். சசி புதிதாக ஒரு ரிப்போட்டைத் திறந்தாள். அதுவும் சுற்றியது. இன்னொன்று. அதுவும்.

மேடம் என் பக்கம் வந்தார். "அக்கா, மொப் வயர்ல பட்டுச்சா?"

"இல்லைங்க மேடம்."

மஹய்யாவ வீடு வரை நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏற மனம் இல்லை.

புதன். பனி, பிறகு வெயில்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ரிஸ்வான் என்று ஒருவர் வந்தார். கம்பியூட்டர் திருத்துகிறவர். நான் பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டு.

"நெட்வர்க் நல்லா ஈக்கி மேடம். சேவரும் நல்லா ஈக்கி. ஒரே பேருல மூணு பேர் உள்ளுக்கு ஈக்கிறாங்க. அதுல ஒராள் ரிப்போட் ஒண்டத் திறந்துட்டு, மூடாமப் போயிட்டார். அத மூடுற வரைக்கும் மத்த எல்லாம் பின்னால நிக்கும். பஸ் வாசல்ல ஒராள் நிண்டா மத்தவங்க ஏறேலாதே, அப்பிடி."

"யாரோட பேரு?"

"தர்ஷினி. ஆரது? கூப்பிடுங்களே, வந்து மூடிட்டுப் போகட்டும்."

சசி என்னைப் பார்த்தாள், பிறகு அழுதாள்.

பிழை விட்ட ரிப்போட்டைத் திருத்துகிற அனுமதி உன் பேருக்கு மட்டும்தானாம். ஆகவே எல்லாரும் உன் பேரில்தான் உள்ளே போகிறார்களாம். திறந்தபடி விட்டுவிட்டுத் தேத்தண்ணிக்கும் போகிறார்கள்.

"வருசத் திதிக்கு முன்னாடி பேர எடுக்கக் கூடாதுன்னு நாங்கதான் மேடம் விட்டு வச்சோம்," என்றாள் சசி.

மேடம் ஏசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும் போல.

நான் உன் அம்மா என்று விளங்கியதும் ரிஸ்வான் எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி. தெரியாமக் கேட்டுட்டேன்." உன் பேரில் திறந்து கிடந்த மூன்றையும் கம்பியூட்டரில் மூடினார். பிரிண்டர் உடனே ஓடியது.

பன்விலைப் பிள்ளைக்கு ரத்தத்தில் தட்டணு இன்னும் குறைந்திருக்கிறது. நாளைக் காலையும் ரத்தம் எடுக்க வேண்டும்.

போகும்போது மேடம் கூப்பிட்டார். "அக்கா, இந்தப் பேர் இருந்தா திரும்ப இப்படித்தான் ஆகும். திருத்துற அனுமதிய சசி பேருக்கு மாத்தணும். ஆனா திதி வரைக்கும் வைக்கச் சொன்னீங்கன்னா வைக்கிறேன். உங்க பிள்ளை, நீங்க சொல்லுங்க."

"பழைய ரிப்போட்டுல பேரு அப்பிடியே ஈக்கும் ஆன்ட்டி," என்றார் ரிஸ்வான். "புதுசுல வராது."

"நாளைக்குச் சொல்றேங்க மேடம்."

வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு விளக்கு வைத்தேன்.

வியாழன். மப்பு வானம்.

கதவு திறக்கும் முன்பே தகப்பனும் பிள்ளையும் வாசலில். பிள்ளை தோளில் துவண்டு கிடக்கிறது. ரத்தம் எடுத்தாயிற்று. அழக்கூட இல்லை.

சசி கம்பியூட்டரைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பேரில் போவது என்று. சாமான் அறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மேடம் கூப்பிடுகிறார்.

பேரை எடுத்துவிடச் சொல்லட்டுமா, பூச்சி?